தொடுதிரையும் அனலாக் குச்சியும்: ஓர் ஒப்பீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற விடுமுறையில் குலசேகரன்பட்டினத்து வீட்டில், உறவினர் கொணர்ந்த கையடக்க விளையாட்டுக் கருவியை என் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் பனையேறி. காய்ப்பு ஏறிய அவர் விரலைத் தொடுதிரை பலமுறை அறியவில்லை. அனலாக் குச்சியோ முதல் அசைவிலேயே பணிந்தது. காரணம் என்ன? இயற்பியல் விடை தருகிறது.

2004-இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் கருவியின் கீழ்த்திரை மின்தடை வகையைச் சார்ந்தது. அழுத்தும்போது மின்கடத்தும் இரு அடுக்குகள் ஒன்றையொன்று தொடும். குச்சிமுனையால் அழுத்தினாலும் போதும். 2011-இல் வந்த பிளேஸ்டேஷன் வீட்டா, 2017-இல் வந்த ஸ்விட்ச் ஆகியவற்றின் திரைகள் மின்தேக்கு வகை. அவை அழுத்தத்தையன்று, விரலால் நிகழும் மின்தேக்குத்திறன் மாற்றத்தையே உணர்கின்றன. உலர்ந்து தடித்த தோல் அம்மாற்றத்தைக் குறைத்துவிடுகிறது.

அனலாக் குச்சியின் அடியில், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு மாறு மின்தடைகள் உள்ளன. சாய்வின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் மாறுவதால், திசையோடு வேகத்தையும் உணர்த்தலாம். விரல் திரையை மறைப்பதுமில்லை. ஆனால் உராய்வால் தேய்ந்தபின், தொடாமலே உருவம் நகரத் தொடங்கும். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் குச்சிகளில் காந்தப்புலமே அளக்கப்படுவதால், உணரியில் இத்தேய்வு இல்லை.

சுட்டித் தேர்ந்தெடுக்கத் திரை சிறந்தது. தொடர்ந்து செலுத்தக் குச்சி சிறந்தது. எனினும், தொடுதிரையே எங்கும் பரவிவரும் இந்நாளில், உழைத்துக் காய்த்த கைகளையும் எண்ணிக் கருவி சமைப்போர் வேண்டும். அறிவியல் பயிலும் நாம் அவர்களுள் ஒருவராதல் கூடாதா?