உறையும் நீர் ஏன் விரிகிறது?

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன, நீரோ விரிகிறது. 100 லிட்டர் நீர் உறைந்தால், பனிக்கட்டி ஏறத்தாழ 109 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளில் குடிநீர்க் குழாய்கள், சாலைகள், பாலங்கள் ஆகியவற்றின் ஆயுளையும் பராமரிப்புச் செலவையும் இந்த 9 சதவீத வேறுபாடு பெரிதும் பாதிக்கிறது.

காரணம் யாது?

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. திரவ நிலையில் இப்பிணைப்புகள் இடையறாது அறுந்து, மீண்டும் உருவாகின்றன; மூலக்கூறுகள் நெருங்கி நகர முடிகிறது. உறைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளுடன் நான்முகி வடிவில் நிலையாகப் பிணைந்து, அறுகோண வளையங்கள் கொண்ட சட்டகம் அமைகிறது. அதன் நடுவே வெற்றிடங்கள் மிகுதி. எனவே பருமன் பெருகி, அடர்த்தி குறைகிறது. சிலிக்கன், ஜெர்மானியம், காலியம், பிஸ்மத் ஆகியனவும் உறையும்போது விரிவனவே. அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. எனினும் அவற்றின் திண்ம நிலையிலும் அணுக்கள் குறிப்பிட்ட திசைகளில் பிணைந்து, நெருக்கமற்ற அமைப்பைப் பெறுகின்றன.

நன்மையும் தீமையும்

நீரின் அடர்த்தி 4 டிகிரி சென்டிகிரேடில் உச்சத்தை எட்டுகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்கி முதலில் உறைகிறது, பனிக்கட்டியும் மிதக்கிறது. கடுங்குளிரில் காஷ்மீரத்து தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் பிழைத்திருப்பது இதனாலேயே.

ஆனால், மூடிய குழாயினுள் விரிவுக்கு இடமில்லை. பனிக்கட்டிக்கும் அடைத்த திருகுக்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தம் குழாயை வெடிக்கச் செய்கிறது. பாறை இடுக்குகளிலும் கான்கிரீட்டின் நுண்துளைகளிலும் நீர் உறைவதும் உருகுவதுமாக இருப்பதால் விரிசல்கள் ஆண்டுதோறும் அகலுகின்றன.

திட்டமிடுவோர் கருதத்தக்கவை

ஊரக வீடுதோறும் குழாய்வழிக் குடிநீர் வழங்குவது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் இலக்கு. சமவெளிக்கு வகுத்த மதிப்பீடு உயர்மலைக்குப் பொருந்தாது. அங்கே மண் உறையும் ஆழத்திற்குக் கீழே குழாய் பதித்தல், வெப்பக் காப்புறை இடுதல், நீரை வடித்துவிட வழிசெய்தல் ஆகியன தேவை. கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக்குமிழ்களைப் புகுத்தினால் உறையும் நீருக்கு இடம் கிடைக்கும். இவற்றால் தொடக்கச் செலவு கூடும். அதைத் தவிர்த்தால், குழாய் இருந்தும் குளிர்காலத்தில் மக்கள் குடம் சுமக்க நேரும், முதலீடும் வீணாகும்.