சிறார்க்கு வேதபாகந் தெரிதல்

வேதாகமம் ஒரே நூலாகக் கட்டப்பட்டிருப்பினும் 66 புத்தகங்களின் தொகுதியாம். அவற்றுள் எப்பகுதியை ஐந்தாறு வயதுக் குழந்தைகட்கு முதற்கண் எடுத்துரைப்பது? ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகச் செல்க என்பார் ஒரு சாரார். விலங்குகள் வருங் கதையே சிறார்க்கு இனிதென்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் விரைவில் வந்து சேருமிடம் நோவாவின் பேழையே. மாணாக்கன் கொள்ளுந் திறமறிந்து கற்பித்தல் வேண்டுமென நன்னூற் பொதுப்பாயிரம் கூறும். அத்திறம் வயதளவில் நிற்பதன்று. குழந்தை கண்டதும் அஞ்சியதும் அதனுள் அடங்கும் என்பது நம் கருத்து.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளை நோக்குவோம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. இவ்விரண்டு ஊர்கட்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை பெருகி ஊர்களுட் புகுந்தது. தன் வீட்டினுள் நீரேறக் கண்ட குழந்தைக்கு வெள்ளம் படத்திற் கண்ட காட்சியன்று. தீயோரை அழிக்கவே கடவுள் வெள்ளத்தை அனுப்பினார் என்றளவில் ஆசிரியர் பாடத்தை நிறுத்துவாராயின், அக்குழந்தை அண்டை வீட்டாரைப் பற்றி யாது எண்ணும்? தன் தாய் தந்தையரைப் பற்றித்தான் யாது எண்ணும்?

இதனால் அக்கதையை விலக்குக என்கின்றோமல்லேம். ஆதியாகமம் 6, 7ஆம் அதிகாரங்களைச் சுருக்கி, 8, 9ஆம் அதிகாரங்களை விரித்துரைக்கலாம். நீர் வடிதலும், புறா ஒலிவ இலையுடன் மீளுதலும், மேகத்தில் வில் தோன்றுதலும் அங்கேயுள்ளன. இனி அவ்வாறு உலகை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்னும் உடன்படிக்கையும் அங்கேயே உள்ளது. பலர் அதுவரை செல்லுமுன் மணியடித்துவிடுகிறது! இயேசு பெருமான், சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றையோரினும் பாவிகளல்லர் என்று உணர்த்திய லூக்கா 13ஆம் அதிகாரத்தை ஆசிரியர் முன்னரே படித்துக்கொள்ளல் நன்று. சிறார் வினவுங்கால் அது கைகொடுக்கும்.

நம்மைக் கேட்பின், மாற்கு 4ஆம் அதிகாரத்தை முதலில் வைப்போம். படகில் நீர் நிரம்புகிறது, பெரியவர்களாகிய சீடரே அஞ்சி அலறுகின்றனர், ஆண்டவர் உடனிருக்கிறார். அஞ்சுதல் இழுக்கன்று என்பது குழந்தைக்குச் சொல்லாமலே விளங்கும். அவ்வதிகாரத்து விதைப்பவன் உவமைக்கோ சிறிது விளக்கம் வேண்டும். இந்நாட்டார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையை ஏர்ச்சாலில் இடக் கண்ட சிறுவன், விதையை வழியில் ஏன் சிந்தினான் என்று கேட்பான். கம்பும் எள்ளும் கைவீச்சாக விதைப்பதைக் காட்டினால் ஐயம் நீங்கும்.

எலிசாவை நகைத்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிய பகுதி (2 இராஜாக்கள் 2) இவ்வயதினர்க்கு வேண்டுவதேயில்லை.

நோவாவின் கதையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காது, மழை ஓய்ந்து ஏரிகள் அமைதியாகக் கிடக்குந் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.