சின்னப் பொறி, பெரிய வண்டி

1. பாதி வழியில் நின்ற கார்

பழைய டில்லியில் ஒரு சிறிய ஒர்க் ஷாப் இருந்தது. பழைய கார்களைப் பழுது பார்ப்பதுதான் அங்கே வேலை. அதை நடத்தியவர் வயதான மெக்கானிக். எல்லோரும் அவரை "உஸ்தாத்" என்று அழைப்பார்கள். உஸ்தாத் என்றால் குரு என்று பொருள்.

அவரிடம் இருபது வயது இளைஞன் ஒருவன் தொழில் கற்று வந்தான். எல்லோரும் அவனை "சோட்டு" என்றே கூப்பிடுவார்கள். சோட்டு சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது மாலை நேரத்தில் எழுத்தறிவு மையத்துக்குப் போய் வந்தான். இந்தி எழுத்துகளையும் எண்களையும் கற்றுவிட்டான். ஆங்கில எழுத்துகளையும் அடையாளம் காணத் தொடங்கியிருந்தான்.

உஸ்தாத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். அது 1962-ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசடர் கார். அவருடைய தந்தை ஓட்டிய கார் அது.

"ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு இந்தக் கார் வெளியே போகவே இல்லை. ஒருமுறையாவது இது ஊர்வலத்தில் ஓட வேண்டும்" என்றார் அவர்.

"கவலை வேண்டாம், பஹன்ஜி. ஓட வைக்கிறேன்" என்றார் உஸ்தாத்.

காரைச் சுத்தம் செய்தார்கள். ஆயில் மாற்றினார்கள். பழைய ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றினார்கள். உஸ்தாத் சோட்டுவிடம் பணத்தைக் கொடுத்தார். ஒரு பழைய பிளக்கையும் அதன் பழைய அட்டைப் பெட்டியையும் கொடுத்தார்.

"இதே மாதிரி நான்கு வாங்கி வா" என்றார்.

சோட்டு கடைத்தெருவுக்குப் போனான். ஒரு கடையில் அதே நிறப் பெட்டி இருந்தது. விலையோ பாதிதான். சோட்டுவுக்கு மகிழ்ச்சி. நான்கு வாங்கினான். பில் கேட்கவில்லை. மீதிப் பணத்தை உஸ்தாத்திடம் கொடுத்தான். உஸ்தாத் பெட்டியின் நிறத்தை மட்டும் பார்த்தார். "சபாஷ்" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆசிரியை காரில் ஏறினார். சோட்டு ஓட்டினான். முதலில் நன்றாக ஓடியது. பிறகு கார் குலுங்கியது. பின்னால் கறுப்புப் புகை வந்தது. நாற்சந்தியின் நடுவில் கார் நின்றேவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நான்கு பேர் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஆசிரியை எதுவும் பேசவில்லை. அவருடைய முகம் வாடிவிட்டது. ஊர்வலத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது.

2. பிளக் என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்துகிறது. அப்போது ஒரு தீப்பொறி வேண்டும். அந்தப் பொறியைத் தருவதுதான் ஸ்பார்க் பிளக். பொறி பட்டதும் கலவை எரிகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. சக்கரம் சுழல்கிறது.

பிளக்கின் நடுவில் ஒரு உலோகக் கம்பி உண்டு. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் உண்டு. மின்சாரம் வேறு பக்கம் ஓடிவிடாமல் பீங்கான் தடுக்கிறது. அதற்கு வெளியே இரும்பு உடல் இருக்கிறது. இரும்பு உடலின் அடியில் வளைந்த முனை ஒன்று இருக்கிறது. நடுக்கம்பிக்கும் வளைந்த முனைக்கும் நடுவே சிறிய இடைவெளி உண்டு. பொறி அங்கேதான் பாய்கிறது.

இந்தப் பொறிக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் தேவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்.

அம்பாசடர் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். அதனால் நான்கு பிளக். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் 1500 முறை பொறி விடுகிறது. அதாவது ஒரு நொடிக்கு 25 முறை! இவ்வளவு உழைக்கும் பொருள் தரமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? வண்டி நடு வழியில் நிற்கும்.

3. குற்றம் யாருடையது?

"பிளக் புதிது. அதில் குறை இருக்காது. கார்பரேட்டரைப் பார்க்கலாம், உஸ்தாத் ஜி" என்றான் சோட்டு.

"புதியது என்றால் நல்லது என்று அர்த்தமா, பேட்டா? குற்றம் யாருடையது என்று முதலில் விசாரிப்போம்" என்றார் உஸ்தாத்.

எஞ்சினைக் கிளப்பினார்கள். ரப்பர் பிடி போட்ட குறட்டால் உஸ்தாத் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதைக் கழற்றியபோதும் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றினார். எந்த மாற்றமும் இல்லை. நான்காவதைக் கழற்றியதும் மறுபடியும் தடுமாறியது.

"மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை" என்றார் உஸ்தாத்.

எஞ்சினை நிறுத்தினார்கள். மூன்றாவது பிளக்கைக் கழற்றினார்கள். சோட்டு அதை ஒயரில் மாட்டி எஞ்சின் உடல்மேல் வைத்தான். எஞ்சினைச் சுற்ற வைத்ததும் பிளக்கில் பொறி தெரிந்தது.

"பாருங்கள், பொறி வருகிறதே!" என்றான் சோட்டு.

"வெளியே வருகிறது. உள்ளே வருமா?" என்று கேட்டார் உஸ்தாத். "உள்ளே காற்று ஏழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. நெருக்கத்தில் பொறி பாய்வது கடினம். மின்சாரத்துக்கு அதிக பலம் வேண்டும். பீங்கானில் விரிசல் இருந்தால் அது அந்த வழியாக ஓடிவிடும்."

பிறகு மூன்றாவது பிளக்கை முதல் சிலிண்டரில் போட்டார். முதல் பிளக்கை மூன்றாவதில் போட்டார். மறுபடியும் எஞ்சினைக் கிளப்பினார். இப்போது மூன்றாவது சிலிண்டர் நன்றாக வேலை செய்தது. முதல் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

"பிளக் போன இடத்துக்கு நோயும் போய்விட்டது. அப்படியானால் குற்றம் பிளக்குடையது. நோய் மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றிருந்தால் ஒயர், வால்வு எல்லாம் பார்க்க வேண்டும்" என்றார் உஸ்தாத்.

அந்தப் பிளக்கைத் துடைத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பீங்கானில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அதுதான் விரிசல்.

4. பெட்டி சொன்ன உண்மை

சோட்டு புதிய பெட்டியையும் பழைய பெட்டியையும் பக்கத்தில் வைத்தான். நிறம் ஒன்றுதான். படமும் ஒன்றுதான். அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தான். திடீரென்று அவன் விரல் நின்றது.

"உஸ்தாத் ஜி, பெயரில் ஒரு எழுத்து வேறாக இருக்கிறது!"

உஸ்தாத் இரண்டு பெட்டிகளையும் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"இது போலிச் சரக்கு. விலை குறைவு என்று நான்தான் வாங்கிவிட்டேன். என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான் சோட்டு. அவன் கண் கலங்கியது.

"நீ படிக்காமல் வாங்கினாய். நான் படிக்கத் தெரியாமல் சபாஷ் சொன்னேன். தப்பு இரண்டு பேர் மேலும் இருக்கிறது" என்றார் உஸ்தாத்.

இருவரும் கடைக்குப் போனார்கள். "எங்கள் கடையில் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி? பில் எங்கே?" என்று கேட்டார் கடைக்காரர். அவர்களிடம் பதில் இல்லை. பணம் போனது போனதுதான்.

திரும்பி வந்ததும் உஸ்தாத் பழைய பிளக்குகள் நான்கையும் எடுத்தார். அவற்றில் கரி படிந்திருந்தது. ஆனால் பீங்கானில் விரிசல் இல்லை. மரை தேயவில்லை. முனைகளும் நன்றாக இருந்தன. பெட்ரோலில் நனைத்துக் கம்பி பிரஷால் கரியை நீக்கினார்கள். நன்றாகக் காய வைத்தார்கள். ஃபீலர் கேஜை வைத்து இடைவெளியை அளந்தார்கள். காரின் கையேட்டில் உள்ள அளவை ஆசிரியை படித்துச் சொன்னார். வளைந்த முனையை மெல்லத் தட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிளக்குகளை முதலில் கையாலேயே திருகினார்கள். பிறகுதான் ஸ்பேனரால் இறுக்கினார்கள். எஞ்சினைக் கிளப்பினார்கள். சத்தம் சீராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் ஊர்வலத்தில் ஓடியது. ஆசிரியை தந்தையின் படத்தை முன்னால் வைத்திருந்தார். "பேட்டா, நீயே ஓட்டு" என்று சோட்டுவிடம் சொன்னார்.

அன்று மாலை சோட்டு மையத்துக்குக் கிளம்பினான்.

"அங்கே என் வயதுக்காரர்களையும் சேர்ப்பார்களா?" என்று கேட்டார் உஸ்தாத்.

5. பழைய கார்களுக்கு ஏன் இந்தத் தொல்லை?

அம்பாசடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற இடத்தில் தயாரானது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. வண்டி தயாராவது நின்றால் அதற்கான உதிரிப் பாகங்களும் மெல்லக் குறையும். அந்த இடத்தைப் போலிகள் நிரப்பும்.

இன்னும் பழைய கார்களில் தொல்லை அதிகம். இன்று பல கார்களில் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் அகலம். 1920, 1930-களின் பல கார்களில் 18 மில்லிமீட்டர். அமெரிக்காவின் பழைய ஃபோர்டு 'டி' மாடலில் குழாய் மரை போன்ற மரை. இன்றைய பிளக் அவற்றில் பொருந்தாது.

மரையின் நீளமும் முக்கியம். 14 மில்லிமீட்டர் பிளக்கிலேயே சிலவற்றில் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். சிலவற்றில் 19 மில்லிமீட்டர். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். நீளம் குறைந்தால் பொறி பள்ளத்துக்குள் இருக்கும். கரியும் படியும்.

எண்ணும் ஏமாற்றும். பிளக்கின் எண் அது எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கிறது. போஷ் பிளக்குகளில் பழைய முறையில் 175 என்று இருந்தது புதிய முறையில் 7 ஆனது. 225 என்பது 5 ஆனது. 145 என்பது 8 ஆனது. பழைய கையேட்டில் 175 என்று இருந்தால் கடையில் 7 என்று கேட்க வேண்டும். பெரிய எண்தான் உயர்ந்த சரக்கு என்று நினைக்கக் கூடாது.

பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பழைய பிளக்குகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை நல்லவையாகவும் இருக்கலாம். துரு, ஈரம், விரிசல் இல்லை என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

எல்லாப் பழியையும் பிளக்கின் மேல் போடவும் கூடாது. கண்டன்சர், காயில், பாயின்ட் கெட்டாலும் எஞ்சின் இப்படியே தடுமாறும். அதனால்தான் உஸ்தாத் முதலில் விசாரித்தார்.

6. பிளக்கின் முகம் பார்ப்போம்

கழற்றிய பிளக்கின் நிறம் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும்.

இளம் பழுப்பு நிறம்: எஞ்சின் நலமாக இருக்கிறது.
உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்பரேட்டரைப் பாருங்கள்.
எண்ணெய்ப் பிசுக்கு: எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.
வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால்: சூடு அதிகம். பிளக்கின் எண் சரியா என்று பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

பெட்டியின் நிறத்தை நம்பாதீர்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.
அச்சு மங்கலாக இருந்தாலும், மரை சொரசொரப்பாக இருந்தாலும், முனை கோணலாக இருந்தாலும் வாங்காதீர்கள்.
வாஷர் தானாகக் கழன்று விழுந்தால் சந்தேகப்படுங்கள்.
எந்தப் பொருள் வாங்கினாலும் பில் கேளுங்கள்.
ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.
எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றாதீர்கள்.

சொற்பொருள்

போலி - அசல் போலவே செய்த பொய்ச் சரக்கு
மரை - திருகுவதற்கான புரி
கையேடு - ஒரு பொருளைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் புத்தகம்
அத்தாட்சி - சான்று

பேசிப் பாருங்கள்

1. சோட்டு கடையில் செய்த தவறுகள் என்ன?
2. குற்றம் பிளக்குடையது என்று உஸ்தாத் எப்படிக் கண்டுபிடித்தார்?
3. உங்கள் வீட்டில் யாராவது போலிச் சரக்கு வாங்கி ஏமாந்தது உண்டா? அப்போது என்ன செய்தார்கள்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பெட்டியை எடுங்கள். அதில் உள்ள பெயர், விலை, தேதி மூன்றையும் படித்து எழுதுங்கள்.