சுரப்பின் சூட்சுமம்

1957-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் டென்வர் நகரில் தியோடர் பக் என்னும் விஞ்ஞானி, சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணியின் சினைப்பையிலிருந்து வளர்த்தெடுத்த செல்களின் சந்ததிதான், இன்று ஆன்டிபாடி மருந்துகளிற் பெரும்பாலானவற்றைச் சுரந்தளிக்கும் சி.எச்.ஓ. செல்கள். அவற்றோடு நெடுங்காலம் பழகியவன் என்ற உரிமையில், இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லத் துணிகிறேன்.

மரபணுவின் பிரதிகளைப் பெருக்கிக்கொண்டே போனால் உற்பத்தியும் பெருகிவிடும் என்னும் நம்பிக்கை, மெத்தோட்ரெக்ஸேட்டைப் படிப்படியாகக் கூட்டும் பழைய முறையோடு வந்து, இன்றும் பலரை விட்டபாடில்லை. ஓர் எல்லை வரையில் அது மெய்யே. அதற்கப்பால் முட்டுக்கட்டை இருப்பது பெரும்பாலும் நியூக்ளியஸில் அன்று, எண்டோபிளாச வலையில். ஆன்டிபாடியின் கனமான சங்கிலி, தன் ஜோடியான லேசான சங்கிலி வந்து சேரும் வரையில் பிப் என்னும் துணைப்புரதத்தின் பிடியிலேயே கிடக்குமாதலால், லேசான சங்கிலியைச் சற்று மிகுதியாகவே செய்யும் குளோன்களைத் தேர்வது என் வழக்கம். ஆர்.என்.ஏ. ஏராளமாக இருந்தும் மீடியத்தில் ஆன்டிபாடி சொற்பமாக இருக்குமானால், செல்களை உடைத்து, டைசல்பைடு பிணைப்புகளைக் குலைக்காமல் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்: 150 கிலோடால்டனில் நிற்க வேண்டிய பட்டை மங்கி, 50-க்கும் 100-க்கும் அருகே கறுத்த பட்டைகள் தென்பட்டால், ஜோடி சேராத கனமான சங்கிலிகள் உள்ளே தேங்கி நிற்கின்றன என்று சந்தேகிக்கலாம். அப்போது புரமோட்டரை மாற்றிப் பிரயோஜனமில்லை.

இறுதி விளைச்சலை மாத்திரம் பார்த்துக் குளோனை மெச்சுவதும் சரியன்று. ஒரு செல் ஒரு நாளில் எவ்வளவு சுரக்கிறது (20 பிகோகிராமுக்கு மேலிருந்தால் நான் திருப்தியடைவேன்), எத்தனை செல்கள் எத்தனை நாள் உயிரோடிருந்தன என்பவற்றைப் பிரித்தே கணக்கிட வேண்டும். வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 32 அல்லது 33-க்கு இறக்கினால் செல்கள் பெருகுவது தணிந்து, ஒவ்வொன்றும் சுரப்பது பல சமயங்களில் உயரும். ஆனால் கூட்டம் போதிய அளவு பெருகுமுன் இறக்கினாலோ, லாபம் அத்தனையும் செல்களின் எண்ணிக்கைக் குறைவில் கரைந்துபோகும். எல்லாக் குளோன்களும் இதற்கு இசைவதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

குளோனை நிச்சயிக்குமுன் சுமார் 60 தலைமுறைகளேனும் வளர்த்துப் பார்ப்பது அவசியம். வழியில் சுரப்புக் குன்றினால், மரபணுப் பிரதிகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், புரமோட்டரில் மெத்தில் ஏறியிருக்கிறதா என்றும் சோதியுங்கள். பிரதிகள் குறையாமலே சுரப்புக் குறைந்த குளோன்களை நான் கண்டிருக்கிறேன்.