தம்பி சிங்கப்பூரில் இருந்தாலும் அவர் பங்கு போகாது

அப்பா காலமாகிவிட்டார். அம்மா முன்பே இல்லை. வங்கியில் டெபாசிட், கொஞ்சம் ஷேர். உயிலும் இல்லை, நாமினியும் இல்லை. அக்கா திருச்சியில், தம்பி சிங்கப்பூரில். “அவன் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பல வீடுகளில் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

இ-சேவை மூலம் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாங்கும் வாரிசு சான்றிதழ் வேறு. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று, அதாவது நாம் சொல்லும் சக்சஷன் சர்டிபிகேட், வேறு. தொகை பெரிது என்றால் வங்கிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்கும். அப்பா கடைசியாக வசித்த பகுதிக்கு உரிய நீதிமன்றத்தில் மனு போடணும்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நெருங்கிய உறவினர்கள் யார், எங்கே வசிக்கிறார்கள் என்பதை மனுவில் எழுத வேண்டும். “ஊர்ல இல்லாதவன் பேரு எதுக்கு?” என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. உண்மையை மறைத்து வாங்கிய சான்றை நீதிமன்றம் ரத்து செய்யலாம். தெரிந்தே பொய் எழுதினால் தண்டனையும் உண்டு.

தம்பி விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பினால், அவர் நம்பும் ஒருவர் இங்கே அவர் சார்பில் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வந்த கூரியர் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

இனி முக்கியமான விஷயம். சான்று அக்கா பெயரில் வந்தால் பணம் முழுவதும் அக்காவுக்கு என்று அர்த்தமில்லை. வசூலிக்கும் அதிகாரம்தான் அவருக்குக் கிடைக்கிறது. தம்பியின் பங்கைத் தம்பிக்குக் கொடுத்தே ஆகணும். அதற்காகவே நீதிமன்றம் ஜாமீன்தாரருடன் உறுதிப் பத்திரம் கேட்பதும் உண்டு. தம்பி சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தாலும் பங்கு அப்படியேதான் இருக்கும்.

அவர் பங்கு இந்தியாவில் உள்ள அவரது என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போகும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வரி, வாரிசுரிமை ஆவணங்களை வங்கி கேட்கும். வீடு, நிலத்துக்கு இந்தச் சான்று வழங்கப்படுவதில்லை. அங்கே வாரிசு சான்றிதழை வைத்துத்தான் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும், அதிலும் தம்பி பெயர் இருக்கணும்.