அந்த ஆறு விநாடி

ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. என் பெரியப்பா காபித் தோட்டத்தில் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், வந்து ஆறு வருஷமாகிறது. “என்னங்கய்யா வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். பெரியப்பா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஐந்து விநாடி, ஆறு விநாடி. கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து, “பெரியவருக்கு ஞாபகமெல்லாம் போயிடுச்சுங்களா?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பெரியப்பாவின் குரல்: “துவரம்பருப்பு அரைக் கிலோ. போன வாரம் குடுத்தது வேகவே இல்ல.”

“நடுக்குவாதம் கை காலோடு சரி, மூளைக்கு ஒன்றும் ஆகாது” என்பார்கள் சிலர். “பேச்சு குறைந்தால் புத்தி மங்கிவிட்டது” என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு.

முதல் நம்பிக்கைக்கு வயது இருநூறுக்கு மேல். 1817இல் இந்நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றுதான் எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை. அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் எஹ்ரிங்கரும் இந்நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது, டோபமின் பெருமளவு வற்றிப்போயிருந்தது தெரிந்தது. நடுமூளையில் கருமையான ஒரு சிறு திட்டிலுள்ள செல்கள் தரும் பொருள் அது. அது போய்ச்சேரும் பகுதிகள் உடல் அசைவைக் கவனிப்பதோடு, திட்டமிடவும் சொல் தேடவும் ஒரு நினைப்பை விட்டு இன்னொன்றுக்குப் போகவும் உதவும் முன்மூளையோடும் பின்னிக் கிடக்கின்றன.

சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. நேர்ச்சாலையில் வண்டி ஒரே கியரில் ஓடிவிடும். கியர் மாற்றச் சிரமப்படும் வண்டி வளைவில்தான் திணறும். டோபமின் குறைந்த மூளையும் திருப்பத்தில்தான் திணறுகிறது. விலங்குகளின் பெயராகச் சொல்லச் சொன்னால் ஓரளவு சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு விலங்கு, ஒரு பழம் என்று மாற்றி மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்கள். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல், அதிலும் கை கால் வேலையைச் சொல்லும் வினைச்சொல், வர நேரமாகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பெரியப்பாவிடம் தினமும் பார்க்கிறேன். பல்பர், களம், மிளகுக்கொடி என்று தோட்டத்துப் பெயர்கள் எல்லாம் உடனே வரும். “அந்தக் கொட்டையை…” என்று நின்றுவிடுவார். “அள்ளணும்” வருவதற்குள் நமக்குத்தான் பொறுமை போகிறது.

நீண்ட வாக்கியங்களும் அப்படித்தான். தமிழில் வினை கடைசியில் வரும்; அதுவரை முன்னால் வந்ததையெல்லாம் மனசில் தாங்கியிருக்க வேண்டும். “நேத்து மழைக்கு முன்னாடி களத்துல காயப்போட்ட கொட்டையை அள்ளின பையன் இன்னிக்கு வந்தானா?” என்றால் பெரியப்பா விழிக்கிறார். “நேத்து ஒரு பையன் கொட்டை அள்ளினான். இன்னிக்கு வந்தானா?” என்றால் பதில் வருகிறது. குரல் தணிவதும் முகம் அசையாமல் இருப்பதும் நோயின் வேலைதான். பார்க்கிறவர்களோ அவருக்கு எதிலும் அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மறதியைப் பொறுத்தவரை, தொடக்கக் காலத்தில் விஷயம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஒரு குறிப்புக் கொடுத்தால் வெளியே வந்துவிடும். பல வருஷங்கள் கழித்துப் பலருக்கு முழு மறதிநோயும் வருவது உண்மை. அதற்கு டோபமின் மட்டும் காரணமில்லை; அசிடைல்கோலின் போன்ற வேறு பொருள்களும் குறைகின்றன.

ஆகவே “மாத்திரையைக் கூட்டினால் யோசனையும் வேகமாகும்” என்று டோபமினை ஈடுகட்டத் தரும் லெவோடோபாவை நீங்களாகக் கூட்டாதீர்கள். கை காலுக்குப் போதுமான அளவு, மூளையில் இன்னும் டோபமின் வற்றாத பகுதிகளுக்கு அதிகமாகிவிடலாம். டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்ட வெறியும் கண்டதை வாங்கும் வெறியும் வந்ததுண்டு. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் முதியவர்களின் நினைவைக் குழப்பும்.

“பூனைக்காலி விதைப் பொடி நாட்டு மருந்து, கெடுதல் இல்லை” என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். 1937இல் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். நமக்குப் பெருமையான விஷயம். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால் மருந்து அளவுக்கு மீறிப்போய், இல்லாத உருவங்கள் தெரியலாம், உடம்பு தானாக முறுக்கலாம், ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம். சாப்பிடுகிறீர்கள் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள், கண்டக்டர்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்நோய் உள்ளவரிடம் ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். கேட்ட பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதுவரை அவர் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.