வேலை போன ஒரு ஆர்ஜேவோட கணக்கு: உங்க பணம் எத்தனை மாசம் தாங்கும்?



"எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு வெச்சுக்கணும்?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. "ஆறு மாச செலவு"ன்னு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்றாங்க. ஆனா எல்லாருக்கும் அதே ஆறு பொருந்துமா? இதைப் புரிஞ்சுக்க, ஒரு எஃப்.எம். ஆர்ஜேவோட வேலையை உதாரணமா எடுத்துப்போம். நீங்க ஐ.டி., பேங்க், ஸ்கூல்னு எங்க வேலை பார்த்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

ஏன் ஆர்ஜே?

ஆர்ஜேன்னதும் நமக்கு 'மிர்ச்சி' சிவாவும் ஆர்ஜே பாலாஜியும்தான் ஞாபகம் வருவாங்க. ரேடியோவிலிருந்து சினிமாவுக்குப் போய் ஜெயிச்சவங்க. ஆனா அவங்க ஒரு சிலர்தான். மத்தவங்க நிலைமை வேற.

ஒரு ஐ.டி. ஊழியருக்கு வேலை போனா சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்னு நூத்துக்கணக்கான கம்பெனிக்கு அப்ளை பண்ணலாம். தமிழ் ஆர்ஜேவுக்கு அவரோட மொழிதான் முதலீடு. அதனால ஹைதராபாத் ஸ்டேஷன்ல போய் வேலை கேக்க முடியாது. கோவை மாதிரி ஊர்ல தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்களை ஒரு கை விரல்லயே எண்ணிடலாம்.

அதோட 2011-ல வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை, ஒரு நிறுவனம் தன்னோட ஒரே நிகழ்ச்சியைத் தன் பல ஸ்டேஷன்களில் ஒலிபரப்ப அனுமதிச்சது. கம்பெனிக்கு இதுல செலவு மிச்சம். ஆனா நாலு ஊருக்கு ஒரு குரல் போதும்னா மூணு பேருக்கு வேலை இல்லை. அகில இந்திய வானொலியில் கேஷுவல் அறிவிப்பாளரா சேர்ந்தாலும், மாசத்துக்குச் சில டியூட்டிதான் கிடைக்கும்.

முதல் பாடம் இதுதான்: எமர்ஜென்சி ஃபண்டோட அளவை முடிவு பண்றது, உங்களுக்கு அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாசம் ஆகும்ங்கிறதுதான். தட்டறதுக்குக் கதவுகள் குறைவா இருந்தா, ஃபண்ட் பெருசா இருக்கணும்.

கையில் இருக்கும் பணத்தை மாசமா மாத்துங்க

ஒரு கற்பனைக் கணக்கு. கோவையில் ஒரு ஆர்ஜே, வயசு 29. கைக்கு வந்த சம்பளம் ₹42,000. பேங்க்ல ₹1,28,000 இருக்கு. வேலை போயிடுச்சு. இனி அவரோட மாசச் செலவு:

- வாடகை: ₹11,000
- மளிகை, சாப்பாடு: ₹7,000
- ஊர்ல அப்பா அம்மாவுக்கு: ₹5,000
- பைக் இ.எம்.ஐ.: ₹4,000
- கரண்ட், போன், நெட்: ₹2,000
- பெட்ரோல்: ₹2,000
- ஹெல்த் இன்சூரன்ஸ்: ₹1,000

மொத்தம் ₹32,000. ஹோட்டல், ஓ.டி.டி., டிரஸ் எதுவுமே இதுல இல்லை. ₹1,28,000-ஐ ₹32,000-ஆல வகுத்தா 4 மாசம்.

இப்போ அவர் கல்யாண ரிசப்ஷன் தொகுத்து வழங்கறது, விளம்பரத்துக்கு வாய்ஸ் ஓவர், டப்பிங்னு மாசம் ₹12,000 சம்பாதிக்கிறார்னு வைங்க. சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது ₹20,000 மட்டும்தான். அதே பணம் இப்போ 6 மாசத்துக்கு மேல தாங்கும். சின்ன வருமானம்தானேன்னு விட்டுடாதீங்க, ரெண்டு மாசம் கூடுதலா கிடைச்சிருக்கு!

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி வேலைகளில் பணம் லேட்டாத்தான் வரும். அக்கவுண்ட்ல விழுந்த பணத்தை மட்டும் வரவுல எழுதுங்க. பழைய கம்பெனியோட ஃபைனல் செட்டில்மென்ட்டுக்கும் இதேதான். ஊதியச் சட்டத் தொகுப்புப்படி வேலை முடிஞ்ச 2 வேலை நாளுக்குள்ள சம்பளப் பாக்கியைத் தரணும். நடைமுறையில் தள்ளிப்போகலாம், அதனால அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

குறைஞ்ச சம்பளத்துக்கு ஆஃபர் வந்தா?

முதல் மாசக் கடைசியில் ஒரு ஸ்டேஷன் கூப்பிடுது. சம்பளம் ₹30,000, வெளி நிகழ்ச்சி எதுவும் பண்ணக்கூடாது. போகலாமா?

மறுத்துட்டு ரெண்டு மாசம் காத்திருந்தா ₹60,000 சம்பளம் போகும். வெளி வேலையில் ₹24,000 வரும். ஆக, காத்திருக்கிறதோட விலை ₹36,000. அதுக்கப்புறம் பழைய ₹42,000 சம்பளத்துலயே வேலை கிடைச்சா, மாசம் ₹12,000 அதிகம். மூணே மாசத்துல போட்ட விலை திரும்பிடும்.

ஆனா நல்ல வேலை கிடைக்க ஆறு மாசம் ஆச்சுன்னா? விலை ₹1,08,000. அதைத் திரும்ப எடுக்க ஒன்பது மாசம் ஆகும். அதுக்கு முன்னாடியே சேமிப்பும் காலியாகிடும்.

அதனால காத்திருக்கிறதுக்கு ஒரு தேதி வைங்க. ரெண்டு மாசச் செலவுக்கான பணம் (இங்க ₹64,000) மிச்சம் இருக்கும்போது, கிடைக்கிற வேலையில் சேர்ந்துடணும். நம்ம ஆர்ஜேவுக்கு மூணாவது மாசக் கடைசியில் கையில் ₹68,000 இருக்கும். அதுதான் அவரோட கடைசித் தேதி. மனசு ஒடிஞ்சு போன நேரத்துல இந்த முடிவை எடுக்க முடியாது. முதல் வாரத்துலயே எழுதி வெச்சிடுங்க.

சேமிப்பே இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே வராது. முதல்ல வர்ற ஆஃபரை வாங்கிக்கிட்டுத்தான் ஆகணும். எமர்ஜென்சி ஃபண்ட் வயித்துப்பாட்டுக்கு மட்டும் இல்லை, "வேண்டாம்"னு சொல்ற தெம்புக்கும் சேர்த்துத்தான்.

பி.எஃப்.-ல கை வைக்கலாமா?

கடைசி வழியா மட்டும் பாருங்க. 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25%. புதுசா பணம் போடாட்டியும் இருக்கிற தொகைக்கு வட்டி வரும். தொடர்ச்சியா 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு. புது கம்பெனிக்கு மாத்திக்கிட்டா பழைய சர்வீஸும் சேர்ந்துக்கும். 2025 அக்டோபர்ல இ.பி.எஃப்.ஓ.வின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, வேலை போனா 75% வரை உடனே எடுக்கலாம், முழுத் தொகைக்கு 12 மாசம் காத்திருக்கணும். அதனால "பி.எஃப். இருக்கே"ன்னு நினைச்சு எமர்ஜென்சி ஃபண்ட் போடாம இருக்காதீங்க.

கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டறது இதைவிட மோசம். மாசம் 3%-க்கு மேல வட்டி போட்டாலே வருஷத்துக்கு 36%-ஐத் தாண்டிடும்.

கான்ட்ராக்ட்டா? டி.டி.எஸ்.-ஐ மறக்காதீங்க

பல ஆர்ஜேக்கள் சம்பள ஊழியர் இல்லை, கன்சல்டன்ட். அவங்களுக்கு பி.எஃப். கிடையாது, ஆனா 10% டி.டி.எஸ். பிடிப்பாங்க. மாசம் ₹42,000-னு 7 மாசம் வேலை பார்த்தா வருமானம் ₹2,94,000, பிடிச்சது ₹29,400. மீதி 5 மாசம் வெளி வேலையில் ₹60,000 வந்தாலும் மொத்தம் ₹3,54,000தான். 2025-26 நிதியாண்டுக்கான புது வரி முறையில் ₹4 லட்சம் வரை வரி இல்லை. வேற வருமானம் இல்லைன்னா, ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா அந்த ₹29,400 முழுசா திரும்பி வரும். கிட்டத்தட்ட ஒரு மாசச் செலவு!

வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

- சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா வேலையோட முடிஞ்சிடும். புது பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். குரூப் பாலிசியை அதே கம்பெனியில் தனி பாலிசியா மாத்த முடியுமான்னு கடைசி நாளுக்கு முன்னாடியே கேளுங்க.
- யு.ஏ.என்.-ல சொந்த மொபைல் நம்பர் இருக்கட்டும். ஆபீஸ் சிம்மைத் திருப்பிக் கொடுத்துட்டா ஓ.டி.பி. வராது.
- பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர் எல்லாத்தையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைங்க.
- உங்க திறமைக்கான சாட்சி உங்க பேர்ல இருக்கட்டும். ஸ்டேஷன் பேஜ்ல இருக்கிற ஃபாலோயர்ஸ் ஆர்ஜேவோட சொத்து இல்லை. அவரோட சொந்த பாட்காஸ்ட்டும் டெமோ ஆடியோவும்தான் அடுத்த வேலையை வாங்கித் தரும். உங்க வேலையில் அந்த 'டெமோ' எதுன்னு யோசிங்க.

இந்த வார ஹோம் ஒர்க்

மூணே எண்ணை எழுதுங்க. வேலை இல்லாத மாசத்துல உங்க செலவு எவ்வளவு? கையில் இருக்கிற பணம் எத்தனை மாசம் தாங்கும்? உங்க துறையில் அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாசம் ஆகுது? மூணாவது எண் தெரியலைன்னா, சமீபத்துல வேலை மாறின ரெண்டு நண்பர்கள்கிட்ட கேளுங்க. ரெண்டாவது எண் மூணாவதை விடச் சின்னதா இருந்தா, இந்த மாச எஸ்.ஐ.பி.யை ஏத்தறதுக்கு முன்னாடி அந்த இடைவெளியை அடைங்க.

உங்க எண்களைக் கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!